துடுப்பு ஆன்டெனா மாட்டிய பிறகு வயர்லெஸ் மைக் முன்னைவிட மோசம் – எங்கே தப்பு செய்தேன்?

மேடைக்குப்பின் – திங்கள், இரவு 11:42

வணக்கம். ஓர் அரங்கத்தில் சவுண்டு பார்த்துக்கொள்கிறேன். 4 கை மைக், 2 காலர் மைக், மொத்தம் 6 சேனல். எல்லாமே 600 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுகிறவை. ரிசீவர்களை அடுக்கிய ராக் மிக்சருக்குப் பக்கத்தில், கடைசி வரிசைக்குப் பின்னால் இருக்கிறது. மேடை அங்கிருந்து 35 மீட்டர் இருக்கும்.

இதுவரை ரிசீவரோடு வந்த குச்சி ஆன்டெனாவில்தான் ஓட்டினேன். காலி அரங்கில் சோதித்தால் ஒரு குறையும் இருக்காது. கூட்டம் வந்து உட்கார்ந்ததும் விட்டு விட்டு வரும். எல்லாரும் சொல்கிறார்களே என்று இரண்டு துடுப்பு ஆன்டெனா (துடுப்பு வடிவில் தட்டையாக இருக்கும் திசை ஆன்டெனா), 25 மீட்டர் கேபிள் இரண்டு, சிக்னலைப் பெரிதாக்கும் பூஸ்டர் இரண்டு வாங்கினேன். ஆன்டெனாக்களை நடுவழியில், மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளி, மைக் ஸ்டாண்டில் நெஞ்சு உயரத்தில் வைத்தேன்.

இப்போது காலி அரங்கிலேயே கட் ஆகிறது! ரிசீவரில், எந்த ஆன்டெனாவிலிருந்து எடுக்கிறது என்று காட்டும் ஏ, பி விளக்குகள் மாறி மாறித் துடிக்கின்றன. சத்தத்தில் 'ப்ஸ்ஷ்' என்று ஒரு கீறல். பழைய குச்சியே பரவாயில்லை என்று தோன்றுகிறது. ஆன்டெனாவே பழுதாக இருக்குமோ?

---

டெசிபல்தாசன் – திங்கள், இரவு 11:58

பூஸ்டர் பத்தவில்லை. எத்தனை டெசிபல் போட்டிருக்கிறீர்கள்? அதில் சுவிட்ச் இருந்தால் உச்சத்துக்குத் தள்ளிப் பாருங்கள்.

---

ஒலிக்காரர் – செவ்வாய், காலை 6:20

தள்ள வேண்டாம். அதைத் தொடவே தொடாதீர்கள்.

தம்பி, மூன்று கேள்வி. கேபிள் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது? பூஸ்டர் எந்த முனையில் இருக்கிறது? துடுப்பின் எந்தப் பக்கம் மேடையைப் பார்க்கிறது? மூன்றாவது கேள்விக்குச் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். நானே ஒரு காலத்தில் தப்பாகத்தான் வைத்தேன்.

---

மேடைக்குப்பின் – செவ்வாய், காலை 9:05

கேபிள் மேல் ஆர்ஜி 58 என்று இருக்கிறது. பூஸ்டர் ரிசீவர் பக்கத்தில்தான் அண்ணா, ராக்குக்குள்ளேயே அடக்கமாக இருக்கட்டும் என்று.

துடுப்பு... அகலமான பக்கம் மேடையைப் பார்க்கிறது. கூர்மையான பக்கம் என்னைப் பார்க்கிறது. டிஷ் மாதிரி அகலமான பக்கம்தானே வாரிப் பிடிக்கும் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

---

கேபிள்_சுருள் – செவ்வாய், காலை 9:11

ஆஹா. ஆன்டெனா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

---

அலைநீளம் – செவ்வாய், மதியம் 1:34

கிண்டல் இருக்கட்டும், இது ரொம்பப் பேர் செய்கிற தப்பு. வடிவமே ஏமாற்றும். கூர்ந்த முனைதான் முகம். நிறைய துடுப்புகளில் சின்னதாக ஓர் அம்புக்குறி அச்சிட்டிருக்கும். டேப் ஒட்டி மறைந்திருக்கலாம், தேடிப் பாருங்கள்.

ஏன் கூர்ந்த பக்கம்? அந்தத் தகட்டுக்குள் பார்த்தால் குட்டையிலிருந்து நீளம் வரை வரிசையாகக் கம்பிகள் மாதிரி செம்புக் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு ஜோடியும் ஓர் அலைவரிசைக்கு ஒத்துப்போகிற இருமுனை ஆன்டெனா. குறிப்பிட்ட அலைவரிசையில் ஒரு சில ஜோடிதான் வேலை செய்யும். அவற்றுக்கு முன்னால் இருக்கும் குட்டைகள் அலையை உள்ளே வழிகாட்டும், பின்னால் இருக்கும் நெட்டைகள் தடுப்புச் சுவர் போல நிற்கும். அதனால் முகம் எப்போதும் குட்டைப் பக்கம். இதற்குப் பெயர் லாக்-பீரியாடிக். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவானது. மாடியில் பழைய டிவிக்கு மாட்டிய யாகி இதைவிட மூத்தது, ஜப்பானில் 1926. யாகி ஒரு குறுகிய அலைவரிசைக்குக் கூர்மையாக வேலை செய்யும். லாக்-பீரியாடிக் கொஞ்சம் வலுவை விட்டுக்கொடுத்து அகலமான பட்டை முழுவதையும் ஒரே மாதிரி பிடிக்கும். மைக்குக்கு அதுதான் வேண்டும். இன்று ஒரு சேனல், நாளை இடைஞ்சல் வந்தால் வேறு சேனல்.

சரி, கணக்குக்கு வருவோம். ரொம்பத் தோராயமான கணக்குதான், ஆனால் எங்கே ஓட்டை என்று காட்டிவிடும்.

மைக் 10 மில்லிவாட் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 10 டிபிஎம் (1 மில்லிவாட்டைப் பூச்சியமாக வைத்து எண்ணும் டெசிபல்). 600 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டர் வெட்டவெளியைக் கடந்தால் 48 டெசிபல் போய்விடும். மீதி −38. துடுப்பின் முகத்தில் பட்டால் 6 டெசிபல் கூடும். முதுகில் பட்டால் முகத்தைவிட ஒரு 15 குறைவு, அதாவது 9 டெசிபல் நஷ்டம். ஆக −47. ஆர்ஜி 58 கேபிள் இந்த அலைவரிசையில் 25 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டெசிபலைத் தின்னும். −57. பாடுகிறவர் கையும் உடம்பும் நடுவில் வந்தால் ஒரு 15. −72. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிய அலை நேர் அலையோடு மோதி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடத்தில் நின்றால் இன்னொரு 20 எளிதாகப் போகும். −92. பெரும்பாலான ரிசீவர்களுக்கு −95 பக்கம் வந்தாலே மூச்சு முட்டும்.

இதில் அநியாயமாகப் போனது எவ்வளவு பாருங்கள். திருப்பி வைத்தால் 15 திரும்ப வரும். கேபிளை மாற்றினால் இன்னொரு 7, 8. ஒரு பைசா பூஸ்டர் தேவையில்லை.

---

டெசிபல்தாசன் – செவ்வாய், மதியம் 2:10

ஒத்துக்கொள்கிறேன், துடுப்பைத் திருப்புவதுதான் முதல் வேலை. ஆனால் கேபிளில் 10 போகிறது, பூஸ்டர் 12 தருகிறது என்றால் சரிக்குச் சரி ஆயிற்றே. அப்புறம் ஏன் பூஸ்டர் மேல் இத்தனை கோபம்?

---

ஒலிக்காரர் – செவ்வாய், மதியம் 2:48

ரிசீவர் பக்கத்தில் இருக்கிற பூஸ்டர், வழியெல்லாம் சிந்திவிட்டு அடியில் கொஞ்சம் தண்ணீரோடு வந்து சேர்ந்த குடத்துக்குள் மீண்டும் குழாயைத் திறக்கிற மாதிரி. சேறும் சேர்ந்துதான் நிரம்பும். கேபிளில் தேய்ந்த சிக்னலோடு பூஸ்டர் தன் சொந்த இரைச்சலையும் சேர்த்து, இரண்டையும் சேர்த்தே பெரிதாக்கும். மீட்டரில் கோடு ஏறும், சத்தம் தெளியாது.

பூஸ்டர் போடுவதானால் ஆன்டெனா முனையில் போட வேண்டும், கேபிளில் போவதை ஈடுகட்டுகிற அளவுக்கு மட்டும். கேபிள் 4 தின்றால் 4 அல்லது 6. பக்கத்திலேயே ஆன்டெனா இருந்தால் பூஸ்டரே வேண்டாம். நான் மேடையில் பூஸ்டரைச் சேர்த்துச் சரிசெய்த சந்தர்ப்பங்களைவிட கழற்றிச் சரிசெய்தவைதான் அதிகம்.

---

அலைநீளம் – செவ்வாய், மாலை 4:02

ஒலிக்காரர் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். வெளியிலிருந்து, காற்று வழியாகவே இரைச்சல் வருகிறது என்றால் கேபிள் சிக்னலையும் அந்த இரைச்சலையும் ஒரே அளவில்தான் குறைக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி கெடாது. ரிசீவரின் சொந்த இரைச்சல் மட்டத்தைத் தொடும் வரை கேபிள் இழப்பு உண்மையில் வலிக்காது.

அதனால்தான் கேட்கிறேன்: மேடைக்குப்பின், மைக் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ரிசீவர் மீட்டரைப் பாருங்கள். என்ன காட்டுகிறது?

---

மேடைக்குப்பின் – செவ்வாய், இரவு 10:15

பார்த்தேன். துடுப்பைத் திருப்பிய பிறகு, மைக் எல்லாம் அணைந்த நிலையில்: மூன்று ரிசீவரில் மூன்று கோடு ஏறியே நிற்கிறது. மைக்கே இல்லாமல் ஏன் கோடு?

பூஸ்டரைக் கழற்றினேன். இரண்டாகக் குறைந்தது. அப்புறம் மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி திரையை அணைக்கச் சொன்னேன். அப்படியே பூச்சியம்! திரும்பப் போட்டதும் இரண்டு. நான்கு முறை செய்து பார்த்துவிட்டேன்.

திருப்பியதிலேயே கட் ஆவது பாதி குறைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நன்றி.

---

நிசப்தம் – செவ்வாய், இரவு 10:31

பூஸ்டரைக் கழற்றினீர்கள், நல்லது. ஆனால் ஒரு நிமிடம் நில்லுங்கள். பூஸ்டருக்கு மின்சாரம் எப்படிப் போனது? தனி அடாப்டரா, இல்லை ரிசீவரோ ஸ்ப்ளிட்டரோ கேபிள் வழியாகவே அனுப்பியதா? கேபிள் வழி என்றால் நடுப்பின்னில் இன்னும் 12 வோல்ட்டோ 15 வோல்ட்டோ நின்றுகொண்டிருக்கும். சில துடுப்புகள் உள்ளுக்குள் நேர்மின்சாரத்துக்கு ஷார்ட்டாகவே கட்டப்பட்டவை. அதில் வோல்ட் ஏறினால் ஒன்று ரிசீவர் தன்னைக் காத்துக்கொண்டு நின்றுவிடும், இல்லை ஏதாவது சூடாகும். மல்டிமீட்டரை எடுத்து பிஎன்சி (ஆன்டெனா கேபிளின் கனெக்டர்) நடுவில் ஒரு முனை, வெளிவளையத்தில் ஒரு முனை வைத்துப் பாருங்கள். வோல்ட் இருந்தால் மெனுவில் அணையுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது நான் அரைநாள் வீணாக்கிக் கற்றது. அந்த ஷார்ட் வகைத் துடுப்பு மாட்டியிருக்கும்போதே கேபிளைச் சோதித்தால் 'கேபிள் ஷார்ட்' என்று மீட்டர் சொல்லும். நல்ல கேபிள் இரண்டைத் தூக்கிப் போட்டேன். இரு முனையையும் கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

---

மேடைக்குப்பின் – செவ்வாய், இரவு 10:58

12.3 வோல்ட் இருந்தது அக்கா! அணைத்துவிட்டேன். துடுப்பு உயிரோடுதான் இருக்கிறது.

---

கேபிள்_சுருள் – புதன், காலை 8:40

என் கேள்வி ஒன்றுதான். ராக்கை ஏன் பின்வரிசையில் வைத்திருக்கிறீர்கள்? ரேடியோ அலையைக் கேபிளில் இழுப்பது கஷ்டம், ஆடியோவை இழுப்பது சுலபம். ராக்கை மேடை ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். துடுப்புக்கு 5 மீட்டர் கேபிள் போதும். அந்த நீளத்தில் ஆர்ஜி 58கூட 2 டெசிபல்தான் தின்னும். ரிசீவரிலிருந்து வரும் ஆடியோ, மேடையிலிருந்து மிக்சருக்கு ஏற்கனவே போகிற மல்டிகோரில் (பல ஆடியோ லைன்கள் சேர்ந்த ஒரே கேபிள்) ஏறிப் போகட்டும்.

---

டெசிபல்தாசன் – புதன், காலை 9:02

அப்புறம் நிகழ்ச்சி நடக்கும்போது மீட்டரை யார் பார்ப்பது? பேட்டரி தீரப்போகிறது என்று யார் சொல்வது? கண் முன்னால் ராக் இருப்பது பெரிய நிம்மதி ஐயா. தடிமனான கேபிள் போட்டால் முடிந்தது. எல்எம்ஆர் 400 வகை என்றால் 30 மீட்டருக்கே 3 டெசிபல்தான்.

---

கேபிள்_சுருள் – புதன், காலை 9:20

எல்எம்ஆர் 400ஐ நீங்கள் தினமும் சுருட்டிப் பார்த்திருக்கிறீர்களா? தோட்டத்துக் குழாய் மாதிரி விறைப்பு. நிரந்தரமாகச் சுவரோரம் பதிப்பதற்கு அருமை. தினம் விரித்துச் சுருட்டினால் ஒரே மாதத்தில் கனெக்டர் கழுத்தில் ஒடியும். மீட்டருக்கு ரிசீவரில் நெட்வொர்க் இருந்தால் ஒரு கேபிள் இழுத்து மடிக்கணினியில் பாருங்கள். இல்லையென்றால் மேடை ஓரத்தில் ஓர் ஆள்.

---

ஒலிக்காரர் – புதன், காலை 10:15

இரண்டு பேரும் சரிதான், அரங்கத்தைப் பொறுத்தது. நான் ராக்கை மேடைக்குக் கொண்டுபோகிற கட்சி.

ஆனால் இங்கே முக்கியமான சங்கதி எல்இடி திரை. திசை ஆன்டெனா என்றாலே தூரத்தில் இருப்பதை இழுத்துக்கொண்டு வரும் கருவி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். 6 டெசிபல் பெரிய இழுப்பு இல்லை. தூரம் இரண்டு மடங்கானாலே 6 டெசிபல் போய்விடும். துடுப்பின் உண்மையான உபயோகம், வேண்டாத திசையைக் கேட்காமல் இருப்பது. ஆகவே எங்கே திருப்புவது என்று யோசிக்கும்போது மேடையை மட்டும் பார்க்காதீர்கள். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், அதற்கு முதுகைக் காட்டுங்கள், முடியாவிட்டால் விலாவையாவது காட்டுங்கள்.

தம்பியின் அரங்கில் பார்வையாளர் பக்கமிருந்து மேடையைப் பார்த்தால் நேராகத் திரை. மைக்கை எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு திரையையும் கேட்கும். துடுப்பை மேடையின் முன் மூலைகளுக்குக் கொண்டுபோய், இரண்டும் மேடைக்குக் குறுக்கே எதிர்ப்பக்கத்தைப் பார்க்கட்டும். அப்போது திரை விலாப்பக்கம் போய்விடும்.

---

நிசப்தம் – புதன், மதியம் 12:05

நான் மேடை நாடகக்காரி, எங்களுக்கு எல்லாமே காலர் மைக். அந்த அனுபவத்தில் ஒரு மறுப்பு. பாடி பேக் (காலர் மைக்கின் டிரான்ஸ்மிட்டர் பெட்டி) பெரும்பாலும் இடுப்புக்குப் பின்னால்தான் இருக்கும். நடிகர் பார்வையாளரைப் பார்த்து நின்றால் பேக் திரையைப் பார்க்கும். முன்னால் இருக்கும் ஆன்டெனாவுக்கும் பேக்குக்கும் நடுவில் ஒரு முழு மனித உடம்பு. உடம்பு என்பது உப்புத் தண்ணீர்ப் பை, இந்த அலைகளை நன்றாகவே விழுங்கும். அதனால் நான் ஒன்றை முன் ஓரத்திலும் மற்றதைப் பின் ஓரத்திலும், எதிரெதிர் மூலையில் வைப்பேன். ஆள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுக்காவது பேக் தெரியும்.

பின் மூலையில் வைப்பது முன்பக்கம் பார்க்கும்போது திரை அதன் முதுகுக்குப் போய்விடுவது கூடுதல் லாபம். ஆனால் திரையின் பின்புறக் கேபிள், பவர் சப்ளைகளிலிருந்தும் இரைச்சல் வரும், ஒட்டி வைக்காதீர்கள்.

---

அலைநீளம் – புதன், மதியம் 12:50

நிசப்தம் சொன்னதை வழிமொழிகிறேன். டைவர்சிட்டி (இரண்டு ஆன்டெனாவில் நன்றாக வருவதை ரிசீவர் எடுத்துக்கொள்வது) என்றால் இரண்டு ஆன்டெனாவும் வேறு வேறு காட்சியைப் பார்க்க வேண்டும், அதுதான் விஷயம். 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 50 சென்டிமீட்டர். குறைந்தபட்சம் அதில் கால் பங்காவது இடைவெளி வேண்டும் என்பார்கள், 12.5 சென்டிமீட்டர். அது குறைந்தபட்சம். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தள்ளினால் நடைமுறையில் நன்றாகத் தெரியும். முதல் பதிவில் இரண்டையும் எவ்வளவு தள்ளி வைத்தீர்கள்?

---

மேடைக்குப்பின் – புதன், மதியம் 1:22

ஒரே ஸ்டாண்டில், குறுக்குக் கம்பி போட்டு, ஒரு முழம் இடைவெளியில். ஒன்று செங்குத்தாக, ஒன்று படுக்கையாக. ஏதோ வீடியோவில் பார்த்தேன்.

---

அலைநீளம் – புதன், மதியம் 1:40

படுக்கையாக வைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. துடுப்பு செங்குத்தாக நின்றால் செங்குத்தாக ஆடும் அலையைப் பிடிக்கும், படுத்தால் கிடைமட்டமாக ஆடுவதை. மைக்கைப் பாடகர் ஒரு நொடி நிமிர்த்திப் பிடிப்பார், அடுத்த நொடி சாய்ப்பார். ஆனால் முழுக்கப் படுக்க வைத்தால் பாடி பேக்கின் தொங்கும் கம்பியை அது சரியாகவே கேட்காது. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் 45 டிகிரி சாய்த்து 'வி' மாதிரி வைத்தால் எந்தக் கோணத்திலும் இரண்டுக்கும் கொஞ்சமாவது கிடைக்கும்.

---

ஒலிக்காரர் – புதன், மதியம் 3:30

சாய்க்கலாம். ஆனால் உயரத்தை விட்டுவிடாதீர்கள், முன்பு குச்சி ஆன்டெனாவில் கூட்டம் வந்ததும் கட் ஆனதற்கும் அதுதான் காரணம். நெஞ்சு உயரத்தில் வைத்தால் காலி அரங்கில் நேர்ப்பார்வை. 800 பேர் எழுந்து நின்றால் 800 தண்ணீர்ப் பை. தலைக்கு மேலே போக வேண்டும், 3 மீட்டர் வைத்து மூக்கை லேசாகக் கீழே சாயுங்கள். இரும்பு டிரஸ்ஸில் (விளக்குகளைத் தொங்கவிடும் சட்டம்) கட்டினால் ஒட்டிக் கட்டாமல், ஒரு கையளவு நீட்டி நிறுத்துங்கள்.

பாடகர் வந்து நிற்கிற இடத்துக்கு 3 மீட்டருக்குள்ளும் வேண்டாம். ரொம்பக் கிட்டே வந்தால் சிக்னல் பொங்கி ரிசீவர் தடுமாறும், அதுவும் ஒரு வகைக் கட் மாதிரியே கேட்கும்.

---

மேடைக்குப்பின் – வியாழன், இரவு 12:20

இன்று முழுக்க இதே வேலை. ராக்கை மேடை இடது ஓரத்துக்குத் தள்ளினேன். 25 மீட்டர் ஆர்ஜி 58ல் ஒன்றை மட்டும் 6 மீட்டராக வெட்டி முனை போட்டேன். எதிர் மூலை ஆன்டெனாவுக்குப் புதிதாகத் தடிமன் கேபிள் 18 மீட்டர் வாங்கினேன். ஒன்று இடது முன் மூலை, மற்றது வலது பின் மூலை, 3 மீட்டர் உயரம், 45 டிகிரி சாய்வு. பூஸ்டர் இரண்டும் டப்பாவுக்குள்.

மைக் அணைந்த நிலையில், திரை ஓடும்போது: முன் மூலை ஆன்டெனாவில் ஒரு கோடு, பின் மூலையில் ஒன்றுமில்லை. 

நண்பர் ஒருவர் மைக்கோடு மேடை முழுக்க நடந்தார், ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே. முன்பக்கம், பின்பக்கம், முதுகைத் திருப்பி, படிக்கட்டில் இறங்கி, முதல் ஐந்து வரிசை வரை. கட்டே இல்லை!

ஆனால் ஆறு மைக்கையும் ஒன்றாகப் போட்டதும் 3, 4 எண் மைக்குகளில் அதே 'ப்ஸ்ஷ்'. தனித்தனியாகப் போட்டால் இல்லை. தலை சுற்றுகிறது.

---

அலைநீளம் – வியாழன், காலை 7:15

எந்தெந்த அலைவரிசை வைத்திருக்கிறீர்கள்? ஊகித்துச் சொல்லவா: ஒன்றுக்கொன்று சம இடைவெளியில் வரிசையாக.

---

மேடைக்குப்பின் – வியாழன், காலை 8:30

601, 602, 603, 604, 605, 606. நினைவில் வைத்துக்கொள்ள வசதியாக.

---

அலைநீளம் – வியாழன், காலை 8:52

அதேதான். இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று கலந்து புதுப் பிள்ளைகளைப் பெறும். முதல் கணக்கு: ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழி. 602ஐ இரட்டித்து 601ஐக் கழித்தால் 603. உங்கள் மூன்றாம் மைக் மேல் அச்சாக வந்து உட்காரும். 603ஐ இரட்டித்து 602ஐக் கழித்தால் 604. 604ஐ இரட்டித்து 605ஐக் கழித்தால் மறுபடி 603. நடுவில் மாட்டிய 3க்கும் 4க்கும் இரண்டு பக்கமிருந்தும் அடி விழும், நீங்கள் கேட்டதும் அவைதான். மூன்று சேர்ந்து உண்டாக்கும் கலவை வேறு இருக்கிறது.

இதை எந்த ஆன்டெனாவும் தீர்க்காது. பூஸ்டர் இருந்தால் அதற்குள்ளேயே இன்னும் அதிகமாகப் பிறக்கும். இடைவெளிகள் ஒன்றுக்கொன்று சமமாக இல்லாதபடி வைக்க வேண்டும். ரிசீவர் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் குழு, சேனல் பட்டியலில் ஒரே குழுவிலிருந்து ஆறையும் எடுங்கள், அந்தக் கணக்கெல்லாம் அவர்கள் போட்டு வைத்திருப்பார்கள். முதலில் மைக் எல்லாவற்றையும் அணைத்து, திரையும் மற்ற சாதனமும் ஓடும்போது ஸ்கேன் செய்துவிட்டு எடுங்கள். டிவி ஒளிபரப்பு ஓடும் இடத்தில் போய் நிற்காதீர்கள்.

மைக்கின் ஆற்றலைக் குறைக்க வசதி இருந்தால் குறையுங்கள். கூட்டினால் நல்லது என்றுதான் தோன்றும், ஆனால் ஆறும் கத்தினால் கலவையும் சேர்ந்து கத்தும்.

---

நிசப்தம் – வியாழன், காலை 9:40

நிகழ்ச்சியில் அப்போது பயன்படாத மைக்குகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, 'ஆன்' செய்தபடியே வைக்கிற பழக்கம் இருக்கிறதா? இருந்தால் அதையும் நிறுத்துங்கள். தலையோடு தலை ஒட்டிக் கிடக்கும்போதுதான் இந்தக் கலப்பு உச்சம். இயர் மானிட்டர் டிரான்ஸ்மிட்டர் அதே ராக்கில் இருந்தால் அதன் ஆன்டெனாவை மைக் ஆன்டெனாவிலிருந்து சில மீட்டராவது தள்ளுங்கள். பக்கத்தில் நின்று கத்துகிறவனுக்கு நடுவே கிசுகிசுப்பைக் கேட்க முடியாது.

---

டெசிபல்தாசன் – வியாழன், காலை 10:05

ஒரு சந்தேகம், இழை திசை மாறினால் மன்னிக்கவும். என்னிடம் இருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் மைக். அதற்கும் இந்தத் துடுப்பைப் போடலாமா? பழைய குச்சி ஆன்டெனாவைக் கேபிள் நீட்டித் தூரத்தில் வைப்பது எப்படி?

---

அலைநீளம் – வியாழன், காலை 10:30

முதலாவது: முடியாது. துடுப்பு எந்தப் பட்டைக்குச் செய்யப்பட்டதோ அதில்தான் பேசும். 2.4க்கென்றே செய்தது வேண்டும். அந்தப் பட்டையில் வைஃபையோடும் அரங்கிலுள்ள அத்தனை போன்களோடும் இடம் பிடிக்க வேண்டும் என்பது தனிக் கதை.

இரண்டாவது: குச்சியைப் பொறுத்தது. கால் அலை நீளக் குச்சி ரிசீவரின் உலோகப் பெட்டியைத் தன் மற்ற பாதியாக எடுத்துக்கொள்கிறது. அதைக் கேபிள் முனையில் அந்தரத்தில் தொங்கவிட்டால் பாதி ஆன்டெனாதான். அரை அலைக் குச்சியை நீட்டலாம்.

---

கேபிள்_சுருள் – வியாழன், மாலை 6:12

டிவி கேபிள், அந்த 75 ஓம், மைக் ஆன்டெனாவுக்குப் போடலாமா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கு ஓடும். 50க்கும் 75க்கும் உள்ள பொருத்தமின்மையில் போவது அரை டெசிபல்கூட இல்லை. கனெக்டர் ஒழுங்காக உட்காராமல்தான் தகராறு வரும். வெட்டி முனை போட்டேன் என்றீர்களே, பின்னலிலிருந்து ஒரு மயிரிழை நடுப்பின்னைத் தொட்டால்கூடப் போச்சு. ஆட்டிப் பாருங்கள்.

---

மேடைக்குப்பின் – சனி, இரவு 11:50

நேற்றும் இன்றும் நிகழ்ச்சி. அரங்கு நிறைந்த கூட்டம், திரை முழு வெளிச்சத்தில். பட்டியலிலிருந்து ஆறு சேனல் எடுத்தேன், எண்களைப் பார்த்தால் ஓர் ஒழுங்கும் இல்லை, சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆற்றல் குறைந்த நிலை. காலர் மைக் இரண்டிலும் ஒரு கட் இல்லை. கை மைக் மூன்றும் சுத்தம்.

ராக் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது பிடிக்கவே இல்லை. டெசிபல்தாசன் சொன்னது நியாயம். பேட்டரி போவதை ஓரத்தில் நின்ற தம்பி கைகாட்டித்தான் சொன்னான், அவனும் பாதி நேரம் பாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மீதி ஒரே ஒரு பிரச்சினை. ஒரு பாடகர், அவர் கையில் எந்த மைக்கைக் கொடுத்தாலும் அது மட்டும் கட் ஆகிறது. மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

---

ஒலிக்காரர் – ஞாயிறு, காலை 6:05

மைக்கின் அடிப்பகுதியைப் பொத்திப் பிடிக்கிறார். நிறைய கை மைக்குகளில் ஆன்டெனா அங்கேதான் இருக்கும்.

---

மேடைக்குப்பின் – ஞாயிறு, காலை 9:30

ஆமாம் அண்ணா! வீடியோவில் பார்த்தேன், அடியை உள்ளங்கைக்குள் வைத்திருக்கிறார். சொன்னால், 20 வருடமாக இப்படித்தான் பிடிக்கிறேன் என்கிறார்.

---

நிசப்தம் – ஞாயிறு, காலை 9:44

சொல்லாதீர்கள். மைக்கின் அடியைச் சுற்றி ஒரு வண்ண டேப் வளையம் ஒட்டி, 'இது உங்கள் மைக், கலர் கலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கொடுங்கள். கை தானாக மேலே ஏறும்.

---

மேடைக்குப்பின் – ஞாயிறு, இரவு 11:15

ஒட்டினேன். கை ஏறிவிட்டது, கட் போய்விட்டது.

ரொம்ப ஏறிவிட்டது அக்கா. இப்போது கிரில்லைப் பொத்திப் பிடிக்கிறார், மானிட்டர் ஊளையிடுகிறது.

---

ஒலிக்காரர் – ஞாயிறு, இரவு 11:21

அதற்குத் தனி இழை திற தம்பி.